பிரஷர் 12-க்கு வரணுமாம்

எனக்கு சோறு போடுறதே கண்ணுதான். சிவகாசில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல கலர் பாக்குற வேலை, 25 வருஷத்துக்கு மேல ஆச்சு. மெஷின்ல ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு ஷீட்ட உருவி டேபிள்ல போட்டு லென்ஸ வச்சு புள்ளி பாக்கணும், நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்திருக்கான்னு. முருகர் காலண்டர்ல உதட்டுக்கு வெளிய ஒரு மயிரிழை மெஜந்தா தள்ளி நின்னாலும் எனக்கு தெரிஞ்சிரும், மெஷின நிறுத்த சொல்லிருவேன். இன்னைக்கும் தெரியுது. இத முதல்லயே ஏன் சொல்றேன்னா, எனக்கு கிளாக்கோமா, அதான் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா சாகுற கண் அழுத்த வியாதி, முத்திப்போச்சுன்னு யார்கிட்ட சொன்னாலும் "ஒனக்கா? நீதான புள்ளி பாக்குற ஆளு"ன்னுதான் கேக்குறாங்க, நானும் டாக்டர்கிட்ட அதத்தான் கேட்டேன்.

ஆடி மாசம் மதுரைல டாக்டர் மேடம் சொன்னாங்க, இடது கண்ணுக்கு இனி சொட்டு மருந்த நம்பி இருக்க முடியாது, ஆபரேஷன் பண்ணிரலாம்னு. "மேடம், கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் வெளிய போர்டுல கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன், 6/6னு எழுதியிருக்காங்க பாருங்க"ன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லாம ஃபீல்ட் டெஸ்ட் பேப்பர, நடுவுலயும் சுத்துலயும் பார்வை எவ்வளவு இருக்குன்னு அளந்த பேப்பர, திருப்பி என் பக்கம் வச்சாங்க. மூக்கு ஓரத்துல இருந்து மேல பூரா கருப்பு, நடுவுல வெள்ளையா கொஞ்சம், கீழயும் சாம்பல் பூக்க ஆரம்பிச்சிருக்கு. போர்டு வாசிக்கிறதும் நான் புள்ளி பாக்குறதும் நடுப் பார்வை, இந்த வியாதி ஓரத்துல இருந்துதான் ஆரம்பிக்கும், நடுவுல பெரும்பாலும் கடைசிலதான் கை வைக்கும். இடது கண்ணுல மூக்கு பக்கம் போன இடத்த வலது கண்ணு பாத்துக்கும், மிச்சத்த மூளை அதுவா இட்டு நிரப்பிக்கும். கருப்பா எதுவும் கண்ணு முன்னால வந்து நிக்காது. அதனால போறது யாருக்கும் தெரியறதில்ல.

என்ன நடக்குதுன்னு எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். கண்ணுக்குள்ள முன் பக்கம் ஒரு தெளிவான நீர் ஊறிக்கிட்டே இருக்கும், நிமிஷத்துக்கு 2, 2.5 மைக்ரோலிட்டர்தான், ஒரு சொட்டு ஊறவே 20 நிமிஷத்துக்கு மேல ஆகும். ஊறுறது ஒரு ஓரத்துல சல்லடையா இருக்குற திசு வழியா வெளிய போயிக்கிட்டே இருக்கணும். மொட்ட மாடி டேங்குக்கு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, வெளிய போற பைப்புல மட்டும் பாசி பிடிச்சிருக்குன்னு வச்சுக்கங்க, அவ்வளவுதான் விஷயம். அழுத்தம் ஏறி பின்னால இருக்குற பார்வை நரம்ப நசுக்குது. அந்த நரம்புல 10 லட்சத்துக்கு மேல இழை இருக்காம், செத்த இழை திரும்ப முளைக்காது. நார்மல் பிரஷர் 10-ல இருந்து 21 வரைக்கும்னு சொல்லுவாங்க, ஆனா அத வச்சு சந்தோசப்பட முடியாது, 15-லயே நரம்பு போறவங்களும் இருக்காங்க, 24-ல வருஷக்கணக்கா ஒண்ணுமே ஆகாதவங்களும் இருக்காங்க. ஒவ்வொரு கண்ணுக்கும் அது தாங்குற அளவு தனி. என் இடது கண்ணு 18, 19-ல இருந்துச்சு, 3 மருந்து ஊத்தியும். அதுக்கு அந்த அளவு ஆகலன்னு ஃபீல்ட் டெஸ்ட் சொல்லிருச்சு, 12-க்கு வரணும்னு மேடம் சொன்னாங்க.

இப்ப அப்பா கதைய சொல்லணும், இல்லாட்டி என் பயம் புரியாது.

அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாத்தவரு. 90-கள்ல அவருக்கு பார்வை மங்க ஆரம்பிச்சப்ப, தெருவுல எல்லாரும் சொன்னது "புரை விழுந்திருக்கு, முத்தட்டும், முத்துனாத்தான் எடுப்பாங்க". அந்தக் காலத்துல அப்படித்தான் எல்லா வீட்லயும் காத்துக்கிட்டு இருப்பாங்க. அவரும் காத்திருந்தாரு. ஒரு பள்ளிக்கூடத்துல கண் சிகிச்சை முகாம் போட்டப்ப நான்தான் கூட்டிட்டு போனேன், டாக்டர் டார்ச் அடிச்சு பாத்தாரு, லென்ஸ் வச்சு உள்ள பாத்தாரு, அப்புறம் அப்பாவ விட்டுட்டு என்னைய பாத்து பேசுனாரு. புரை கொஞ்சம்தான், நரம்பு போச்சு, எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. அப்பா "என்னல சொல்றாரு"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இருந்தாரு, திண்ணைல. செருப்பு சத்தத்த வச்சே யாருன்னு சொல்லுவாரு, நோட்ட மடிக்கிற விதத்துல 10 ரூபாயா 50 ரூபாயான்னு வச்சுக்குவாரு, கெட்டிக்காரரு. பாக்குறவங்களுக்கு அது பெரும. எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து "விடிஞ்சிருச்சா"ன்னு கேப்பாரு பாருங்க, அந்தக் குரல் இப்பவும் காதுல இருக்கு. அதனால பயம்னா எனக்கு ஆஸ்பத்திரி இல்ல, கத்தி இல்ல, அந்தத் திண்ணைதான்.

இது குடும்பத்துல வர்ற வியாதி, அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது இருந்தா மத்தவங்களுக்கு வர்ற வாய்ப்பு பல மடங்கு ஜாஸ்தி. எனக்குன்னு தெரிஞ்சதும் அக்காவ இழுத்துட்டு போய் காட்டுனேன், அவளுக்கு எல்லையில நிக்குது, வருஷா வருஷம் பாக்க சொல்லியிருக்காங்க. மகளுக்கு ஒண்ணும் இல்ல. சென்னை பக்கம் கிராமங்கள்ல ஒரு பெரிய சர்வே எடுத்து 2005-ல போட்டாங்க, அதுல கிளாக்கோமா இருக்குன்னு கண்டுபிடிச்சவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே அதுக்கு முன்னாடி தங்களுக்கு அது இருக்குறதே தெரியாது. கண்ணாடிக் கடைல போயி பவர் மட்டும் பாத்துட்டு வந்தா இது தெரியாது. 40 தாண்டுனவங்க பிரஷரும் நரம்பும் பாக்குற எடத்துல ஒருதடவ காட்டிருங்க, அவ்வளவுதான் உபதேசம், இதுக்கு மேல பண்ண மாட்டேன்.

சொட்டு மருந்து காலம் எனக்கு நல்லாத்தான் போச்சு. முதல்ல ராத்திரி ஒரு சொட்டு லாட்டனோப்ரோஸ்ட், பிரிக்காத பாட்டில ஃபிரிட்ஜ்ல வைக்கணும், வீட்ல மோர்ப் பாத்திரத்துக்கு பக்கத்துல அது இருக்கும். இமை முடி நீளமா வளந்துருச்சு, என் மகளுக்கு அதுல பயங்கர பொறாமை, "இத நான் போட்டுக்கவாப்பா"ன்னு கேட்டுச்சு. அப்புறம் டிமோலால் சேத்தாங்க, ஆஸ்துமா இருக்கான்னு மூணு பேரு மாத்தி மாத்தி கேட்டுட்டுத்தான் எழுதுனாங்க, ஏன்னா கண்ணுல விடுற சொட்டு மூக்கு வழியா ரத்தத்துல எறங்கி மூச்சையும் நாடித் துடிப்பையும் தொடும். அதுக்குத்தான் மருந்து விட்டதும் கண்ண மூடிக்கிட்டு மூக்கு ஓரத்துல விரல வச்சு ஒண்ணு ரெண்டு நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும், அடுத்த மருந்துக்கு 5 நிமிஷம் இடைவெளி விடணும். பிரிமோனிடின் சேத்தப்ப மத்தியானம் ஆனா தூக்கம் தூக்கமா வந்துச்சு, வாய் காஞ்சுபோச்சு. நடுவுல லேசரும் பண்ணாங்க, அடச்ச சல்லடைக்கு லேசா சூடு குடுக்குறது, வலியே இல்ல, உக்காந்தபடியே முடிஞ்சுது, கொஞ்ச காலம் நல்லா வேல செஞ்சுது, அப்புறம் கைவிட்டுருச்சு, அது அப்படித்தானாம். ஒரு சமயம் பிரஷர் திடீர்னு ஏறுனப்ப மாத்திரை குடுத்தாங்க, விரல் நுனி எல்லாம் குறுகுறுன்னு இருந்துச்சு, சோடா குடிச்சா சப்புன்னு இருந்துச்சு, கடக்காரன்கிட்ட சண்ட போட்டுட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது மாத்திரைல அப்படி ஆகும்னு.

இதெல்லாம் தாண்டி ஆபரேஷன்னு சொன்னதும்தான் எனக்கு நெஞ்சு படபடன்னு ஆரம்பிச்சுது.

இதுல ஒரு விஷயத்த யாரும் சரியா சொல்ல மாட்டேங்குறாங்க. புரை ஆபரேஷன் பண்ணிட்டு வந்தா கட்டு பிரிச்ச அன்னைக்கே பளிச்னு தெரியும், போனவங்க எல்லாம் சிரிச்சிக்கிட்டே வருவாங்க. கிளாக்கோமா ஆபரேஷன் பார்வைய திருப்பி தராது. நல்லபடியா முடிஞ்சா கூட இருந்தது இருக்கும், அவ்வளவுதான், முதல் சில வாரம் இப்ப இருக்குறத விட மங்கலாத்தான் இருக்கும். அப்ப நல்லா தெரியுற 6/6 கண்ண குடுத்து கத்தி வைக்கச் சொல்லணும், எதுக்கு, இன்னும் நடக்காத ஒண்ணு நடக்காம இருக்க. இந்தக் கணக்க பகல்ல போட்டா சரியா வருது. ராத்திரி வர மாட்டேங்குது.

ராத்திரி நான் என்ன பண்ணேன்னு சொல்றேன், உங்கள்ல சில பேரு இதத்தான் பண்ணிக்கிட்டு இருப்பீங்க. முழிப்பு வந்ததும் வலது கண்ண கையால பொத்திக்கிட்டு சீலிங் ஃபேன பாப்பேன், மூணு றெக்கையும் தெரியுதா, நேத்து தெரிஞ்ச அளவு தெரியுதா. அப்புறம் டியூப்லைட். அப்புறம் காலண்டர், அதுல நாங்களே அடிச்ச பிள்ளையார், அவரோட காது ஒரு பக்கம் இருக்குற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். இருட்டுல, தூக்கக் கலக்கத்துல, ஒத்தக் கண்ணுல பாத்தா யாருக்குமே அப்படித்தான் தெரியும், ஆனா அந்த நேரத்துல அது தோணாது. அப்புறம் செல்ல எடுத்து தேட ஆரம்பிச்சிருவேன், அது ஒரு பக்கம் "குருடாக்கும் மௌனத் திருடன்"னு போட்டிருக்கும், இன்னொரு பக்கம் 7 நாள்ல கண் அழுத்தம் குணமாக இத குடிங்கன்னு போட்டிருக்கும். விடிய விடிய ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிச்சா பிரஸ்ல போயி நிக்கும்போது தலை கிர்ருங்கும்.

சொந்தக்காரங்க பங்கு தனி. ஒருத்தர் தேன் விடச் சொன்னாரு, ஒருத்தர் சின்ன வெங்காயச் சாறு, பக்கத்து வீட்டு ஆச்சி நந்தியாவட்டைப் பூவ கொண்டாந்து வச்சிட்டே போயிருச்சு, நான் வாங்கி சாமி படத்துக்கு வச்சேன். நரம்பு கெட்டுக்கிட்டு இருக்குறது கண்ணுக்குப் பின்னால, இவங்க முன்னால சாறு ஊத்த சொல்றாங்க, புண்ணாகி கிருமி பிடிச்சா ஆபரேஷனும் பண்ண முடியாது. யோகா மாஸ்டர் ஒருத்தர் சிரசாசனம் பண்ணா கண்ணுக்கு ரத்த ஓட்டம் வரும்னாரு. சென்னைல கண் டாக்டர்களே சிரசாசனம் பண்றவங்கள வச்சு அளந்து 2006-ல எழுதியிருக்காங்க, தலைகீழா நிக்கும்போது கண் பிரஷர் ரெண்டு மடங்கு ஏறுது. கிளாக்கோமா இருக்குறவங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. மூச்சுப் பயிற்சி, தியானம் வேற விஷயம், டெல்லி எய்ம்ஸ்ல நோயாளிகள தினம் முக்கால் மணி நேரம் 21 நாள் தியானம் பண்ண வச்சு பாத்தாங்க, பிரஷர் நல்லாவே எறங்கியிருக்கு. மருந்த விடாமத்தான் பண்ணாங்க, அதையும் சேத்துச் சொல்லணும்.

இந்த எல்லாத்தையும் விட எனக்கு எரிச்சல் வர்றது "தைரியமா இருங்க"ங்குறதுதான். எப்படி இருக்கணும்னு சொல்லிட்டு போனா நல்லாயிருக்கும். "பாசிட்டிவா யோசிங்க"ன்னு ஒரு ஆஸ்பத்திரில ரிசப்ஷன்ல எழுதியே போட்டிருக்கான், அதுக்குக் கீழ உக்காந்து நாலு மணி நேரம் காத்திருந்தோம், என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல.

எனக்கு உருப்படியா உதவுனது மூணு நாலு விஷயம்தான். வரிசையா இல்ல, ஞாபகம் வர்றபடி சொல்றேன்.

ஒண்ணு, மகள் சொல்லி மனநல டாக்டர்கிட்ட போனேன். வீட்ல அம்மாவுக்கு "பைத்தியக்கார டாக்டர்கிட்ட எதுக்குப்பா"ன்னு வருத்தம். அவரு முதல்ல கேட்டது உங்களுக்கு இருக்குறது எந்த வகை கிளாக்கோமான்னுதான், ஏன்னா கண்ணுல வடிகால் கோணம் குறுகலா இருக்குறவங்களுக்கு சில மன அழுத்த மாத்திரை, அலர்ஜி மாத்திரை கூட திடீர்னு பிரஷர ஏத்திரும், எனக்கு கோணம் திறந்த வகை, அந்த ஆபத்து இல்ல. நீங்க எந்த டாக்டர்கிட்ட எதுக்கு போனாலும் கிளாக்கோமா இருக்குன்னு சொல்லிருங்க, எந்த வகைன்னும் கேட்டு வச்சுக்கங்க, அதுலயும் ஸ்டீராய்டு ஊசி, களிம்பு, மூக்குல அடிக்கிற ஸ்பிரேன்னு எதக் குடுத்தாலும் சொல்லணும், ஸ்டீராய்டு பிரஷர ஏத்தும். மெடிக்கல்ல கண் சிவப்புன்னு சொன்னதும் எடுத்துக் குடுக்குற சொட்டு மருந்துலயும் ஸ்டீராய்டு இருக்கலாம். சரி, விஷயத்துக்கு வர்றேன். மாத்திரை குடுக்காம அவரு ஒரு வேலை குடுத்தாரு. சாயங்காலம் 6-ல இருந்து 6.30 வரைக்கும் கவலைப்படுற நேரம். பகல்லயோ ராத்திரியோ பயம் வந்தா ஒரு வரி நோட்டுல எழுதி "ஆறு மணிக்கு பாத்துக்கலாம்"னு தள்ளி வைக்கணும், ஆறு மணிக்கு உக்காந்து நல்லா பயப்படணும். கேக்க சிரிப்பா இருந்துச்சு. ஆனா ஆறு மணிக்கு அந்த நோட்ட திறந்தா, ராத்திரி 3 மணிக்கு எழுதுனதுல பாதிக்கு அர்த்தமே புரியாது, மீதி இருக்குறது எல்லாம் டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி. ஒத்தக் கண்ண பொத்திப் பாக்குறதையும் நிறுத்தச் சொன்னாரு, அளக்குறதுக்கு மெஷின் இருக்கு, நீங்க பாக்குறது அளவு இல்லன்னாரு. கலர் பாக்குற ஆளுக்கு அது உடனே புரிஞ்சுது. பாதரச லைட்டுல கலர் மேட்ச் பண்ணக் கூடாதுன்னு நானே பசங்கள திட்டுவேன்.

ரெண்டாவது, ஃபீல்ட் டெஸ்ட். அந்த இருட்டு ரூம், ஒரு கண்ணுக்கு பிளாஸ்டர், வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள முகத்த வச்சு நடுவுல மஞ்சப் புள்ளிய பாத்துக்கிட்டே சுத்துல லைட் தெரிஞ்சா பட்டன அமுக்கணும். கிளாக்கோமா இருக்குற எல்லாருமே அதுக்கு பயப்படுவாங்க, ரொம்ப நேரம் லைட்டே வராது, ஐயோ வருது நமக்குத்தான் தெரியலன்னு வேர்த்துரும். டெக்னீஷியன் பொண்ணு ஒரு நாள் சொல்லுச்சு, "சார், நல்ல கண்ணா இருந்தாலும் பாதி லைட் தெரியாது, தெரியாம போற அளவு எதுன்னு கண்டுபிடிக்கத்தான் மெஷின் மங்கலாக்கிக்கிட்டே போகும்." இத முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு எத்தன நாள் தூக்கம் மிச்சம். கண் சிமிட்டலாம், பட்டன அமுக்கும்போதே சிமிட்டிக்கலாம், களைப்பா இருந்தா பட்டன அமுக்கிப் பிடிச்சிக்கிட்டா டெஸ்ட் நின்னுக்கும், விட்டா திரும்ப ஓடும். அப்புறம் ஒரே ஒரு பேப்பர் மோசமா வந்தா அத வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, தூக்கம் இல்லாமலோ பதட்டத்துலயோ செஞ்சா மோசமாத்தான் வரும், திரும்ப எடுப்பாங்க. எனக்கும் திரும்ப எடுத்தாங்க. மறுபடியும் அதே இடம்தான் கருப்பு. அப்பதான் மேடம் ஆபரேஷன் பேச்ச எடுத்தாங்க. நெருக்கமா புள்ளி வச்சு நடுவ மட்டும் பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, 68 புள்ளி, அதுல நடுவுக்கு பக்கத்துல ஒரு ஓரம் அரிக்க ஆரம்பிச்சது தெரிஞ்சுது. நான் சோறு திங்கிற இடத்துக்கே வந்துருச்சுன்னு அர்த்தம்.

ஓசிடி ஸ்கேன் பத்தியும் ஒரு வார்த்த. நரம்பு இழை எவ்வளவு தடிமன்னு அளந்து பச்சை மஞ்சள் சிவப்புன்னு கலர் போட்டுத் தரும். கலர் என் தொழிலா, அந்தச் சிவப்ப பாத்தாலே வயித்த கலக்கும். மேடம் சொன்னாங்க, இந்தக் கலர் உங்க வயசுக்காரங்க சராசரியோட ஒப்பிட்டு மெஷின் போடுறது, பவர் ஜாஸ்தி இருக்குறவங்களுக்கு வியாதி இல்லாமலே சிவப்பு வரும், நெசமாவே வியாதி இருக்குறவங்களுக்கு பச்சையும் வரும், நான் கலர பாக்குறதில்ல, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம்னுதான் பாக்குறேன்னு. அதுக்கப்புறம் நானும் அந்த பேப்பர வீட்ல விரிச்சு வச்சு பாக்குறத விட்டுட்டேன்.

மூணாவது, நோட்டுல இருந்த கேள்விய எல்லாம் எடுத்துட்டு வீட்டுக்காரியையும் கூட்டிட்டு போயி மேடம்கிட்ட உக்காந்தது. நமக்கு அந்த நேரத்துல காதுல ஒண்ணும் விழாது, கூட ஒரு ஆள் வேணும். நான் கேட்ட கேள்வில முக்கியமானது, "பண்ணலன்னா என்ன ஆகும்?" அவங்க பழைய பேப்பர் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வரிசையா போட்டு கோடு இழுத்துக் காட்டுனாங்க. எவ்வளவு போயிருக்குங்கிறத விட எவ்வளவு வேகமா போகுது, உங்களுக்கு என்ன வயசு, இதுதான் கணக்கு. 80 வயசுல இதே வேகத்துல போனா விட்டுருவேன், உங்களுக்கு 51, இந்தக் கோடு நீங்க ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடியே கீழ போயி தொட்டுரும்னாங்க. வலது கண்ணோட கோடு கிட்டத்தட்ட படுத்துக் கெடந்துச்சு. அத பாத்துத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அதுவரைக்கும் "ரெண்டு கண்ணும் போயிரும்"னுதான் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு, பயத்துக்கு இடது வலது தெரியாது.

12 ஏன்னும் கேட்டேன். அமெரிக்கால முத்துன கிளாக்கோமா நோயாளிகள வருஷக்கணக்கா பாத்து 2000-ல ஒரு ஆய்வு வந்துச்சு, எப்ப அளந்தாலும் பிரஷர் 18-க்கு கீழயே இருந்த கண்ணுகளுக்கு, சராசரி 12 சொச்சம், மொத்தமா பாத்தா பார்வைப் பரப்பு மேல குறையவே இல்ல. இங்கிலாந்துல வந்தபோதே முத்திப் போயிருந்த 453 பேர ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு முதல்லயே ஆபரேஷன், பாதிப் பேருக்கு மருந்துன்னு வச்சு 2021-ல எழுதுனாங்க, ரெண்டு வருஷத்துல ஆபரேஷன் பண்ணவங்களுக்கு பிரஷர் 12.4, மருந்துல 15.1, வாழ்க்கைத் தரத்துல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல, ஆபத்தும் ஏறக்குறைய சமம். இன்னொண்ணு, அமெரிக்கால ஒரு மாவட்டத்துல 1965-ல இருந்து 80 வரைக்கும் கண்டுபிடிச்சவங்களுக்கு 20 வருஷத்துல ஒரு கண்ணாவது போற வாய்ப்பு நூத்துக்கு 26, 81-ல இருந்து 2000 வரைக்கும் கண்டுபிடிச்சவங்களுக்கு 13.5. பாதியா குறைஞ்சிருக்கு. அப்பாவுக்கு யாரும் ஒரு சொட்டு கூட ஊத்தல. நான் அப்பா இல்லங்குறத எனக்கு யார் சொல்லியும் ஏறல, இந்த 26-ம் 13.5-ம்தான் ஏத்துச்சு.

ஆபரேஷன் பேரு டிராபெக்குலெக்டமி, 1968-ல இருந்து பண்றாங்களாம். மேல் இமைக்கு அடியில கண்ணோட வெள்ளைல ஒரு சின்ன மூடி வெட்டி, அதுக்குக் கீழ ஒரு ஓட்டை போட்டு, மூடிய லேசா தையல் போட்டு வைப்பாங்க. நீர் அந்த வழியா கசிஞ்சு மேல் தோலுக்கு அடியில ஒரு சின்னக் கொப்புளமா நிக்கும், இமை மூடியிருக்குறதால வெளிய தெரியாது. கண்ணுக்கு பக்கத்துல ஊசி போட்டு மரக்க வைப்பாங்க, முழிச்சுக்கிட்டுத்தான் இருப்போம், ஆனா கத்தி வர்றது தெரியாது. இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது ஒண்ணு. எல்லா ஆபரேஷன்லயும் புண்ணு சீக்கிரம் ஆறணும்னு வேண்டுவோம். இதுல நல்லா ஆறுனா தோத்துப்போச்சு, ஓட்டை மூடிக்கும். அதனால புண்ணு சரியா ஆறாம இருக்க புற்றுநோய்க்கு குடுக்குற மைட்டோமைசின்ங்குற மருந்த பஞ்சுல நனச்சு கொஞ்ச நிமிஷம் வைக்கிறாங்க. ரொம்ப ஆறாம போனா பிரஷர் தரைக்கு போயிரும், அதுவும் கெடுதல். அந்த நடு அளவுக்கு கொண்டு வர்றதுக்குத்தான் அப்புறம் வாரா வாரம் வரச் சொல்லி தையல ஒண்ணொண்ணா தளத்தி விடுறது. பிரஸ்ல அடிக்க ஆரம்பிச்சதும் தண்ணியையும் மையையும் ஒரு அளவுக்கு கொண்டு வர நாங்க படுற பாடு எனக்குத்தான் தெரியும், அத கண்ணுக்குள்ள பண்றாங்க.

ஆபத்து என்னன்னும் கேட்டு எழுதிக்கிட்டேன். புரை சீக்கிரம் வரும். கிருமி எந்த வருஷம் வேணும்னாலும் வரலாம், கண் சிவந்து வலிச்சு பார்வை மங்குனா அன்னைக்கே ஓடி வரணும், நாளைக்கு பாக்கலாம்னு இருக்கக் கூடாது. சில பேருக்கு திரும்பவும் சொட்டு மருந்து தேவப்படும். ஓட்டை மூடிக்கிட்டா டியூப் வைக்கிறது இருக்கு, அந்த டியூப்ப மதுரைலயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆளுங்க நடத்துற ஆரோலாப்ல செய்யறாங்க, வெளிநாட்டு டியூப்ப விட ரொம்ப மலிவு. அடுத்த வழி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதே எனக்கு பெரிய நிம்மதி.

நாலாவது சொல்லலன்னா வீட்ல சோறு கெடைக்காது. என் வீட்டுக்காரி இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளில கண்மலர் நேந்துக்கிட்டா. ஆபரேஷன் முடிஞ்சு போயி சாத்தணும். நான் ஒண்ணும் சொல்லல, அவளும் சொட்டு மருந்து நேரத்துக்கு அலாரம் வச்சு கையில பாட்டிலோட வந்து நிப்பா, ரெண்டையும் அவ சரியாத்தான் பாக்குறா.

அப்புறம் முதலாளி அண்ணாச்சி. சிவகாசில ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளிய வந்தா அதுல இருந்து மார்கழி வரைக்கும் மெஷின் நிக்காது. நான் பொங்கல் கழிச்சு பண்ணிக்கலாம்னு நெனச்சேன். மேடம் ஒத்துக்கல, நடுவ தொட்டுருச்சு, அத்தன மாசம் விட முடியாதுன்னு கறாரா சொல்லிட்டாங்க. அண்ணாச்சிகிட்ட பயந்துக்கிட்டே சொன்னேன். "ஏப்பா, ஒரு கண்ணு போனா நீ எனக்கு எப்படிப்பா கலர் பாப்ப"ன்னு கேட்டாரு, அது அக்கறையா கணக்கான்னு இன்னும் எனக்கு தெரியல, எப்படியோ லீவு குடுத்துட்டாரு. மெஷின்ல நிக்கிற பையனுக்கு இப்ப லென்ஸ் பிடிக்க சொல்லிக் குடுக்குறேன். தோல் நிறத்துல கோட்ட விடுறான், சாமிக்கெல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி அடிச்சு வைக்கிறான், பழகிருவான்.

புரட்டாசில தேதி குடுத்திருக்காங்க. பயம் போயிருச்சான்னு கேட்டா, போகல. ஆறு மணிக்கு வருது, சில நாள் மூணு மணிக்கும் வருது, எழுதி வச்சிட்டு திரும்பிப் படுத்தா பாதி நாள் தூக்கம் வந்துருது. முன்ன "என்ன ஆகுமோ"ன்னு ஒரே வரியா இருந்தது இப்ப சின்னச் சின்னக் கேள்வியா உடைஞ்சிருக்கு, வண்டி எப்ப ஓட்டலாம், குனிஞ்சு ஷீட் கட்டு தூக்க எத்தன வாரம் ஆகும், மை வாடை ஆகுமா, பட்டாசுப் புகைல என்ன பண்றதுன்னு.

இப்ப வீட்ல ஓடுற சண்டையே வேற. கட்டு பிரிச்ச கொஞ்ச நாள்ல தீபாவளி வருது, தலைக்கு ஊத்தக் கூடாதுன்னு இப்பவே சொல்லிட்டாங்க, கழுத்துக்குக் கீழதான் குளிக்கணும். அம்மா கேக்க மாட்டேங்குது. "எண்ண தேய்க்காம தீபாவளியா, அதுவும் நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு"ன்னு ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிட்டு இருக்கு. கடைசில ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கு, உச்சந்தலைல ஒரே ஒரு சொட்டு மட்டும் வச்சுக்கலாமா, வழியாம, அத டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வான்னு. நோட்டுல எழுதிட்டேன்.